மரியாதையாகக் கேட்டார்கள், ஓம் என்றோம்

தலைமை ஆசிரியையின் கதிரையில் நான் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கூட்டம் பிரெஞ்சுக்கார ஆசிரியர்கள், பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரைகளில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் அவர்களைத் தமிழில் ஏசிக்கொண்டிருந்தேன்.

பகிடி இல்லை, உண்மையாகவே ஏசினேன். உங்கள் மகன் படிப்பில் மோசம், வீட்டில் கவனிக்கிறதில்லையோ, இந்தத் தாளில் இந்த இடத்தில் கையெழுத்து வையுங்கள், கெதியாக வையுங்கள், எனக்கு வேறு ஆட்கள் வெளியே காத்திருக்கிறார்கள். இப்படியே கத்தினேன். அவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சிலர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். கடைசியில் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள்.

இத்தனை வருசமாக எங்கள் தமிழ்ப் பெற்றோர்களுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து நான் பார்த்த காட்சி அது. அன்றைக்கு ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன்.

அது ஒரு பயிற்சி வகுப்பு. வெளிநாட்டுப் பின்னணிப் பிள்ளைகளைப் பாரபட்சமில்லாமல் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குப் படிப்பிக்கிற வகுப்பு. பாரிசில், லா சப்பலுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கொலேஜின் நூலகத்தில் நடந்தது. கொலேஜ் என்றால் இங்கே பதினைந்து வயது வரைக்கும் படிக்கிற பள்ளிக்கூடம். புதன்கிழமை மத்தியானம், வெளியே மழை. நனைந்த கோட்டுகளின் கம்பளி மணமும் ஆறின கோப்பி மணமும் அறை முழுக்க நின்றன.

பயிற்சி கொடுக்க வந்த பெண் கனடாவில், மொன்றியாலில் படித்தவர். நிறம் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் சொன்னார். ஆசிரியர்கள் நெளிந்தார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் வாயால் எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் அது இல்லை என்று அர்த்தமாம். என் தோலுக்கு இந்தச் சட்டம் இன்னும் தெரியாது.

அவர் என்னை நடிக்கச் சொன்ன அந்த ஏச்சு முடிந்த பிறகு, எப்படி இருந்தது என்று அவர் ஆசிரியர்களைக் கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு ஆசிரியை அழுதுவிட்டார். அவருக்கு எலேன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கணிதம் படிப்பிப்பவர், நடுவயது, மெலிந்த மனுசி. "இங்கிருந்து வெளியே போனால் போதும் என்றுதான் தலையாட்டினேன்," என்றார். "எத்தனை வருசமாக என் முன்னால் தலையாட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம் நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நடிப்பில்லாத கண்ணீர் அது. நான் அவரை அந்த நிமிசமே நம்பினேன். இன்றைக்கும் அவரை ஒரு கெட்ட மனுசி என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர் இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

நடுவில் நிற்பவள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பாரிசுக்கு வந்த புதிதில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கினேன். பிரெஞ்சு கொஞ்சம் பிடிபட்ட பிறகு, லா சப்பலில் இருக்கிற ஒரு சின்னச் சங்கத்தில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்பதுதான் வேலை. பெற்றோரோடு போவேன், ஆசிரியர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், இவர்கள் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்வேன். இவர்கள் சொல்லாமல் விடுவதை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளைகள் என்னோடு பிரெஞ்சில் கதைத்தால் எனக்குக் காது கேட்காது. தமிழில் திருப்பிக் கேட்டால்தான் பதில். அதனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு கோப்பை நெஸ்கஃபே

மேலே போக முதல் வேறொரு கதை.

ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் இருந்தார். என் மனுசன் கொழும்புக்கு விமான ரிக்கற் விலை விசாரிக்க அவரிடம் போனார். விசாரிக்க மட்டுந்தான், வாங்க அல்ல. போன மனுசன் ரிக்கற்றோடு திரும்பி வந்தார். வேறு இடங்களைவிட விலை கூட. திகதியும் எங்களுக்குத் தோதில்லை. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வா எண்டு கூப்பிட்டு இருத்தி, நெஸ்கஃபே ஊத்தித் தந்தவர். குடிச்சிட்டு வேண்டாமெண்டு சொல்லி எழும்பிறது எப்பிடி?" என்றார்.

நான் சண்டை பிடித்தேன். ஆனால் எனக்கும் விளங்கிற விசயந்தான் அது. என் மச்சாள் ஒருத்தி, முடி வெட்டுகிற பெண் தன்னை அன்பாக நலம் விசாரிக்கிறாள் என்பதற்காகவே, பிடிக்காத வெட்டோடு வருசக்கணக்காகத் திரிகிறாள். முகத்தாட்சணை என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஒருவர் எங்களை மதித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவருடைய முகத்தை முறிக்க எங்களால் ஏலாது. எங்களைத் திட்டி ஒருவர் ஒன்றை வாங்கப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். கதிரை போட்டுக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவோம்.

பயிற்சி நடந்த அன்றைக்கு இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. மரியாதை கிடைக்காமல் இருந்த காலத்தில் மரியாதையால் வருகிற ஆபத்தைப் பற்றி ஆர் யோசிப்பார்கள்?

யாழினியும் தகப்பனும்

மரியதாசன் மன்னார்க்காரன். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். வெங்காய சூப் அவனுடைய கையில்தான் என்று முதலாளி வாடிக்கையாளருக்குச் சொல்லிப் பெருமைப்படுவாராம். ஆனால் அடுப்படியைத் தாண்டி அவனை ஒருநாளும் கூட்டிக்கொண்டு வந்து காட்டியதில்லை. அவனுடைய பிரெஞ்சு அடுப்படிப் பிரெஞ்சு. வெட்டு, கொதிக்கவை, கெதியா, ஓம் சேர். அதற்கு மேல் போகாது. மனைவி விடியப்புறம் அலுவலகங்கள் துடைக்கப் போவாள்.

மூத்தவள் யாழினி. அந்த வருசம் கொலேஜில் கடைசி வகுப்பு. இந்த நாட்டில் வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள், கடைசி வகுப்புக்குப் பெயர் மூன்றாம் வகுப்பு. அந்த மூன்றாம் வகுப்பின் முடிவில்தான் ஒரு பிள்ளையின் தலைவிதியை எழுதுவார்கள். ஒரு வழி ஜெனெரால், பல்கலைக்கழகம் நோக்கிப் போகிற படிப்பு. மற்றது புரோ, தொழிற்படிப்பு. புரோவில் போய் நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. விரும்பிப் போகவேண்டும். எங்கள் பிள்ளைகளையும் ஆபிரிக்கப் பிள்ளைகளையும் விருப்பம் கேட்க முதலே அந்தக் கதவடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என்னுடைய ஆத்திரம்.

யாழினிக்கு ஜெனெரால் வேண்டும். ஏன் என்றும் அவளுக்குத் தெரியும். லா சப்பலில் மெத்ரோ ஆகாயத்தில் போகும். மண்ணுக்குள்ளே வந்துகொண்டிருக்கிற ரயில் மெல்ல மேலே ஏறி, இரும்புத் தூண்களின் மேல் ஓடி, பிறகு திரும்ப மண்ணுக்குள் இறங்கும். நாங்கள் எல்லாரும் அதற்குக் கீழே மரக்கறி வாங்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிக்கொண்டு, அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத ஆட்கள். அவள் பார்த்தவள். "அன்ரி, இவ்வளவு பாரத்தை ஏத்திறதுக்கு எவ்வளவு சரிவு வேணுமெண்டு ஆரோ கணக்குப் பாத்திருக்கினம். எனக்கு அந்த வேலைதான் வேணும்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். பாலமும் சுரங்கமும் கட்டுகிற படிப்பு. நீண்ட படிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரி. பிரெஞ்சுக் கட்டுரை சுமார். வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். இந்த வாய் திறக்காத குறைதான் அவளுடைய தேர்ச்சி அறிக்கைகளில் எல்லாம் முதல் வரியாக இருந்தது.

முந்தின வருசம் மரியதாசன் ஒரு ஆசிரியரைச் சந்திக்கப் போனபோது, அறைக்கு வெளியே ஓடையில் நிற்கவைத்தே கதைத்து அனுப்பிவிட்டார்கள். கதிரை கொடுக்கவில்லை. பெயரையும் பிழையாகச் சொன்னார்கள். அந்தக் கோபம் அவனிடம் அப்படியே இருந்தது. எனக்கு அது நல்லதாகப் பட்டது. கோபம் இருந்தால்தான் எங்கள் ஆட்கள் கதைப்பார்கள்.

மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் அவனுக்கு ஓய்வு வரும். அந்த நேரத்தில் ரூ லூயி-பிளாங்கில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருத்தி அவனைப் பாடமாக்கவைத்தேன். "நாங்கள் ஜெனெரால் கேட்கிறோம்" என்ற ஒரே ஒரு வசனம், பிரெஞ்சில். பள்ளிக்கூடம் தன் எண்ணத்தைச் சொல்லும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது குடும்பம். குடும்பம் கேட்டு, பள்ளிக்கூடம் மறுத்தால், மேலே முறையிடலாம். குடும்பமே புரோ என்று கேட்டுவிட்டால் முறையிட ஒன்றும் இல்லை, அது எங்கள் விருப்பமாகவே போய்விடும். இதைத் திரும்பத் திரும்ப விளங்கப்படுத்தினேன்.

அவன் அந்த வசனத்தை நன்றாகவே சொல்லப் பழகினான். வடையைக் கடித்துக்கொண்டே சொன்னான். "இந்த முறை விடமாட்டன் அக்கா. நிக்க வைச்சாலும் நிண்டுகொண்டே சொல்லுவன்."

நிற்க வைக்கவில்லை

யாழினியின் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியை எலேன். பயிற்சி முடிந்து சில நாட்களில் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பிள்ளையின் பெயரை எப்படிச் சொல்லவேண்டும் என்று கேட்டார். இவ்வளவு நாளும் யாசினி என்று கூப்பிட்டிருக்கிறார். நான் சொல்லிக் கொடுத்தேன். அவருடைய நாக்கு கடைசியில் யாளினி வரைக்கும் வந்தது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சொல்வதும் அப்படித்தான், போதும் என்று விட்டேன். அன்றைக்கு எனக்குச் சரியான புழுகம், சந்தோசம் தாங்கவில்லை. பயிற்சி வேலை செய்கிறது என்று மனுசனிடம் சொன்னேன்.

சந்திப்புக்கு மூவரும் போனோம். மரியதாசன் கோட்டு சூட்டில் வந்திருந்தான். தகப்பனுக்கும் எனக்கும் நடுவில் யாழினி நடந்தாள். ஓடையில் அவன் உதட்டுக்குள் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கதவைத் தட்ட முதலே எலேன் எழும்பி வந்து திறந்தார். கையைக் கொடுத்தார். "வணக்கம்" என்றார். நடுவில் பெரிய மேசை இல்லாமல், நாலு கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார். தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். எல்லாம் அந்தப் புதன்கிழமை படித்துக்கொண்ட பாடம். நான் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன்.

பிறகு எலேன் மரியதாசனைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். போன வருசம் உங்களை ஓடையில் நிற்கவைத்துக் கதைத்ததாக அறிந்தேன், அது சரியில்லை, பள்ளிக்கூடத்தின் சார்பில் வருந்துகிறேன் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். மரியதாசன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். அவனுடைய கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் எத்தனை மணித்தியாலம் எத்தனை அலுவலக வாசல்களில் வரிசையில் நின்றவன். ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அவனிடம் இருந்த கோபம் அந்த இடத்திலேயே கரைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன்.

எலேன் யாழினியைப் புகழ்ந்தார். பொறுப்பான பிள்ளை, அமைதியான பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவிக்குக் கடைக்குப் போய்வருகிறாள் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறாள். முதியவர்களை மதிப்பது உங்கள் பண்பாட்டின் பலம் என்றார். பிள்ளையின் குறையைப் பார்க்காமல் பலத்தைப் பார்க்கவேண்டும் என்று நான் இப்போது நம்புகிறேன். ஜெனெரால் அவளை வாட்டிவிடும், வாய் திறக்காத பிள்ளை அங்கே தொலைந்துபோகும். முதியோரைப் பராமரிக்கிற தொழிற்படிப்பு ஒன்று இருக்கிறது, அதில் அவள் மலர்வாள் என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பலத்தைப் பாருங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். பார்த்தார். கணக்கு அவருடைய கண்ணில் படவில்லை. அதைப் படிப்பிக்கிறவரே அவர்தான்.

நான் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்து, என்னுடைய பங்குக்கு, அந்த வசனத்தை இப்போது சொல்லு தம்பி என்றும் சொன்னேன்.

அவன் சொல்லவில்லை. எலேன் காத்திருந்தார். அவசரப்படுத்தக்கூடாது என்றும் அவர்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார், "இது உண்மையில் உங்களுடைய விருப்பமா? நீங்கள் இல்லை என்று சொல்லலாம். நான் கோபிக்கமாட்டேன்."

மொழிபெயர்த்தேன். "ஓம்," என்றான் மரியதாசன்.

எலேன் திருப்தியடையவில்லை. தலையாட்டல் சம்மதம் இல்லை என்று அழுது தெரிந்துகொண்டவர் அல்லவா. இன்னொரு முறை கேட்டார். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லலாம் என்றார். அவர் கேட்கக் கேட்க இவனுடைய ஓம் பலமாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு கேள்வியும் இவனுக்கு இன்னொரு மரியாதையாகப் பட்டது, அதுதான் காரணம்.

"தம்பி, மனுசிதானே சொல்லுது, இல்லை எண்டு சொல்லலாமாம்," என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"விடுங்கோ அக்கா. எவ்வளவு மரியாதையாய்க் கேக்குது. அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல?"

கடைசியில் எலேன் யாழினியின் பக்கம் திரும்பினார். பெயரைச் சொல்லி, உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். அவள் தகப்பனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அப்பா சொல்வதுபோல என்று பிரெஞ்சில் சொன்னாள். எனக்குப் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. மொழிபெயர்க்கிறவள் தோளைப் பிடிக்கக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒரு தட்டு ரோல்ஸ்

இன்னும் காலம் இருந்தது. ஆசிரியர் சபை கூடும்வரை குடும்பம் தன் விருப்பத்தை மாற்றலாம். கைத்தொலைபேசியிலேயே மாற்றலாம். நான் கூட இருந்து செய்து தருகிறேன் என்று மரியதாசனிடம் சொன்னேன்.

அதற்குள் மரியதாசனின் மனைவி ஒரு தட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து, வெள்ளித்தாளில் சுற்றி, மகளிடம் கொடுத்து எலேனுக்கு அனுப்பிவிட்டாள். எலேன் அதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்து சாப்பிட்டு, நன்றி எழுதின அட்டை ஒன்றை அனுப்பினார். அந்த அட்டை அவர்களுடைய வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. அதோடு எனக்கு விளங்கிவிட்டது, இனி இந்தக் குடும்பத்தை அசைக்க ஏலாது. எங்கள் வீட்டில் கை நனைத்தவர் அந்த மனுசி இப்போது.

ஆனாலும் போய்ப் பார்த்தேன். அவனுடைய ஓய்வு நேரத்தில், உணவகத்தின் பின்வாசலில், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று மன்றாடினேன். பிறகு ஏசினேன். பிள்ளையின் வாழ்க்கையை ஒரு வணக்கத்துக்கு விற்றுவிட்டாய் என்று சொன்னேன். அது கடும் சொல், தெரிந்துதான் சொன்னேன்.

அவன் கோபிக்கவில்லை. "அக்கா, அந்த மனுசி என்னட்டை மன்னிப்புக் கேட்டது. இப்ப நான் பின்னாலை போய் மாத்தினா, அதின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?" என்றான். ஏப்பிரனால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஆசிரியர் சபை கூடியது. குடும்பம் கேட்டதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தகராறு இல்லை, முறையீடு இல்லை. யாழினியின் வகுப்பில் அவளைவிடக் கணக்கில் குறைந்த புள்ளி எடுத்த ஒரு பிரெஞ்சுப் பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. அதன் தாய் தகப்பனை ஒருவரும் கூப்பிட்டு வட்டமாக இருத்திக் கதைக்கவில்லை. அது நேரே ஜெனெராலுக்குப் போனது. இதை யாழினிதான் எனக்குச் சொன்னாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னாள்.

திரும்பவும் அதே நூலகம்

அடுத்த வருசமும் பயிற்சி வைத்தார்கள். நானும் போனேன், திரும்பவும் தலைமை ஆசிரியையாகி ஏசினேன். இந்த முறை ஏச்சில் சந்தோசம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு, போன வருசம் படித்ததை நடைமுறையில் செய்து பார்த்தவர்கள் பேசலாம் என்றார் பயிற்சி கொடுப்பவர். எலேன் எழும்பினார். ஒரு தமிழ்த் தகப்பனின் கதையைச் சொன்னார். வட்டமாகப் போட்ட கதிரைகள், மன்னிப்பு, திரும்பத் திரும்பக் கேட்டது, தகப்பனின் கண்ணீர், கடைசியில் அவன் இரண்டு கையாலும் தன் கையைப் பிடித்தது, ரோல்ஸ். எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னார். ஒரு பொய் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

பயிற்சி கொடுப்பவர் என் பக்கம் திரும்பி, நீங்களும் அங்கே இருந்தீர்கள் அல்லவா, ஏதாவது சேர்த்துச் சொல்ல விருப்பமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஓம், நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டு இருக்க எனக்கும் நாக்கு உன்னியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த முகங்களுக்கு முன்னால் அதை அடக்க எனக்கு வேர்த்துவிட்டது.

"அவர் சம்மதிக்கவில்லை," என்றேன். "உங்களை மறுக்க அவரால் முடியவில்லை."

எலேனுடைய முகம் வெளுத்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்டேனே என்றார். கேட்டீர்கள், ஒவ்வொரு முறையும் இன்னும் அன்பாகக் கேட்டீர்கள், அதனால்தான் முடியவில்லை என்றேன். அப்படியென்றால் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டார். பாவம், உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"நீங்கள் கணக்கு ரீச்சர்," என்றேன். "கணக்குப் புள்ளியைப் பார்த்து அவளை ஜெனெராலுக்கு விட்டிருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கு அப்படித்தானே செய்தீர்கள்."

வெளியே யாரோ சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பயிற்சி கொடுப்பவர், இது மிகவும் ஆழமான விசயம், இடைவேளைக்குப் பிறகு இதற்கு வருவோம் என்றார். இடைவேளைக்குப் பிறகு வரவில்லை. கோப்பி மேசையடியில் எலேன் என்னிடம் வந்து, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். வேறென்ன சொல்ல.

சென் தெனியில் ஒரு பின்னேரம்

யாழினியைப் பிறகு ஒருநாள் பாரிசுக்கு வெளியே, சென் தெனியில் கண்டேன். நான் ஒரு அலுவலாக அங்கே போயிருந்தேன். சந்தையைத் தாண்டிப் போகிற தெருவில் ஒரு முதியோர் இல்லம். அதன் வாசலில் நின்றாள். தொழிற்படிப்பில் அது பயிற்சிக் காலம். குளிர்க்கோட்டுக்குக் கீழே வெள்ளைச் சட்டை. அடிக்கடி கழுவிக் கழுவிக் கை விரல்கள் வெடித்திருந்தன. வேலை எப்படி என்று கேட்டேன். காலையில் அவர்களை எழுப்பிக் கழுவ வேண்டும், மத்தியானம் சூப் பருக்க வேண்டும், சில கிழவிகள் நல்லவர்கள், ஒருத்தி மட்டும் உன்னுடைய கறுத்த கையால் என்னைத் தொடாதே என்பாள் என்றாள். அதையும் செய்தியாகத்தான் சொன்னாள்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. நூலகத்தில் எலேனுக்கு நான் சொன்னதை, எல்லாருக்கும் முன்னால் சொன்னதை, ஒன்றும் விடாமல் அவளுக்குச் சொன்னேன். உனக்காக நான் கேட்டேன் பிள்ளை என்றேன். அவளுடைய தகப்பன்மேல் எனக்கு இருந்த கோபத்தையும் மறைக்கவில்லை. அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ இங்கே நின்றிருக்க மாட்டாய் என்றேன்.

அவள் பிரெஞ்சில் தொடங்கினாள். பிறகு நான் யார் என்று நினைவு வந்ததுபோல நிறுத்தி, தமிழில் தேடித் தேடிச் சொன்னாள்.

"அப்பாவை ஏசாதேங்கோ அன்ரி. ரீச்சர் என்னையும் கேட்டவ தானே. நான் இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தனான்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சின்னனிலையிருந்து அப்பாவோடை எல்லா ஒபீசுக்கும் போறனான். எங்கை போனாலும் கதிரையின்ரை நுனியிலைதான் இருப்பார். ஆரும் எழும்பச் சொல்லுவினம் எண்டமாதிரி. அண்டைக்கு அந்த அறையிலை சாஞ்சு இருந்தவர். நீங்கள் கவனிக்கேல்லையே? காலையும் நீட்டிக்கொண்டு, நல்லாச் சாஞ்சு. அவரை எழுப்ப எனக்கு மனம் வரேல்லை."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். யாசினி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காக, இப்போது எங்கே போனாலும் அப்பா அப்படித்தான் இருக்கிறாரா என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி," என்றாள். "அண்டைக்கு மட்டுந்தான்."